புதிதாகச் சேருபவருக்குத் தானாகப் போகும் வரவேற்பு மின்னஞ்சல்: மதுரைச் சுங்குடிக் கடைக்கு எப்படி அமைப்பது?

தெற்குமாசி

சுங்குடிச் சேலைக் கடை ஒன்றுக்காகக் கேட்கிறேன். மாசி வீதியில் நேரடிக் கடை, கூடவே வூகாமர்ஸ் மென்பொருளில் ஓடும் இணையக் கடை. சொந்த டொமைன் (இணைய முகவரி) உண்டு. இணையத்தில் வாங்குபவர்களில் பெரும்பாலோர் சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், அமெரிக்காவிலும் சிலர். தளத்தின் அடியில் 'புது வரவுகளை மின்னஞ்சலில் பெற' என்று ஒரு ஃபார்ம் இருக்கிறது. அதில் சேருபவருக்கு இப்போது எதுவும் போவதில்லை.

யோசித்திருப்பது இவ்வளவு: சேர்ந்ததும் ஒரு மடல், இரண்டு நாள் கழித்து ஒன்று, அதற்குப் பின் நான்கு நாள் கழித்து ஒன்று. மூன்றும் தமிழில். முதல் மடலில் 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். அனுப்புநர் முகவரியாகக் கடையின் ஜிமெயில் முகவரியையே வைக்கலாமா, வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பில் புத்தகத்திலிருந்து எடுத்த பழைய வாடிக்கையாளர் முகவரிகளும் சில நூறு இருக்கின்றன.

---

ஒத்தக்கடை

ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைக்கவே வேண்டாம். நீங்கள் அனுப்பப்போவது மெயில்சிம்ப், பிரெவோ, மெய்லர்லைட், சோகோ கேம்பெயின்ஸ் என்று மொத்தமாக மடல் அனுப்பும் ஏதோ ஒரு சேவையின் சர்வரிலிருந்து. அனுப்புநர் பெயரில் ஜிமெயில், வந்த இடம் வேறு சர்வர் என்றால், மடலைப் பெறும் சர்வர் அதை ஆள்மாறாட்டம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். பல சேவைகள் இதைத் தவிர்க்க உங்கள் முகவரியை எடுத்துவிட்டுத் தங்கள் முகவரியைப் போட்டு அனுப்பிவிடும். அப்போது வாடிக்கையாளர் கண்ணில் கடைப் பெயருக்குப் பக்கத்தில் சம்பந்தமில்லாத முகவரி தெரியும்.

சொந்த டொமைன் இருக்கிறதே, அதில் 'வணக்கம்', 'கடை' என்பதுபோல் ஒரு முகவரி உருவாக்குங்கள். பதில் எழுதினால் வந்து சேரும் பெட்டியாக அது இருக்கட்டும். பதில் போகாத முகவரியிலிருந்து வரவேற்பு அனுப்புவது கடைக்கு அழகில்லை.

அடுத்தது டொமைன் சரிபார்ப்பு. மடல் எழுத உட்காருவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை இது. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும் இதில் கறாராகிவிட்டன. எல்லா அனுப்புநருக்கும் எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகேஐஎம் (மடலில் வைக்கும் டிஜிட்டல் கையொப்பம்) இரண்டில் ஒன்று கட்டாயம். ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளில் 5,000-க்கு மேல் அனுப்புபவர்களுக்கு அந்த இரண்டும், டிமார்க்கும் (சரிபார்ப்பில் தேறாத மடலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு), ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வேண்டும். உங்கள் கடை 5,000-ஐத் தொடாது. ஆனாலும் மூன்றையும் போட்டுவிடுங்கள், மொத்தமே அரைமணி நேர வேலை.

டிகேஐஎம்: சேவையின் 'டொமைன்' பக்கத்தில் உங்கள் டொமைனைச் சேர்த்தால் இரண்டு மூன்று பதிவுகள் கொடுக்கும். அவற்றை எழுத்து மாறாமல் நகலெடுத்து டிஎன்எஸ்ஸில் (டொமைனின் விவரப் பதிவேடு) ஒட்ட வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது 'பெயர்' கட்டத்தில்தான். சில டிஎன்எஸ் பேனல்கள் டொமைன் பெயரைத் தாங்களே பின்னால் சேர்த்துக்கொள்ளும். நீங்களும் முழுப் பெயரை ஒட்டினால் டொமைன் இரண்டு தடவை வந்துவிடும், சரிபார்ப்பு எத்தனை மணி நேரம் ஆனாலும் பச்சையாகாது. சேமித்த பிறகு பட்டியலில் பெயர் எப்படித் தெரிகிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

டிமார்க்: அடிக்கோட்டில் தொடங்கும் ஒரு டெக்ஸ்ட் பதிவு. கொள்கையை முதலில் 'நன்' (தேறாவிட்டாலும் ஒன்றும் செய்யாதே) என்றே வையுங்கள், அறிக்கை வர ஒரு முகவரி கொடுங்கள். எடுத்தவுடன் 'ரிஜெக்ட்' (ஏற்காதே) வைத்தால், வூகாமர்ஸ் அனுப்பும் ஆர்டர் மடல்கள் சரிபார்ப்பில் தேறாமல் இருந்தால் அவையும் சேர்ந்து நின்றுவிடும்.

---

வைகைக்கரை

ஒத்தக்கடை அண்ணன் சொன்னதோடு டிஎன்எஸ் பற்றி இன்னும் இரண்டு.

டொமைனை வாங்கிய இடத்தில்தான் டிஎன்எஸ் இருக்கும் என்று நினைத்துப் பலர் அங்கே போய்ப் பதிவு போடுகிறார்கள். நேம்சர்வர் (டிஎன்எஸ் எங்கே இருக்கிறது என்று காட்டுவது) ஹோஸ்டிங் கம்பெனிக்கோ கிளவுட்ஃபிளேர் போன்ற சேவைக்கோ திருப்பி விடப்பட்டிருந்தால், பதிவை அங்கேதான் போட வேண்டும். வாங்கிய இடத்தில் போட்டது எங்கும் தெரியாது. கிளவுட்ஃபிளேர் என்றால் டிகேஐஎம்முக்கான சிநேம் பதிவில் ஆரஞ்சு மேகத்தை அணைத்துச் சாம்பல் ஆக்குங்கள். ஆரஞ்சாக இருந்தால் சேவை தேடுகிற பதில் அதற்குக் கிடைக்காது.

எஸ்பிஎஃப் பற்றி. ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். ஹோஸ்டிங்குக்கு ஒன்று ஏற்கெனவே இருக்கும். மெயில் சேவைக்கு என்று இன்னொன்று புதிதாகப் போட்டால் இரண்டுமே செல்லாமல் போகும். இருப்பதைத் திறந்து 'இன்க்ளூட்' பகுதியை உள்ளே சேர்க்க வேண்டும். அதிலும் டிஎன்எஸ் தேடல் மொத்தம் 10-ஐத் தாண்டக்கூடாது என்ற வரம்பு உண்டு. ஆனால் இன்று பல சேவைகள் எஸ்பிஎஃப் கேட்பதே இல்லை. திரும்பி வரும் மடலுக்கான முகவரியாக அவர்கள் தங்கள் டொமைனையே வைத்துக்கொள்வதால், எஸ்பிஎஃப் சரிபார்ப்பு அவர்கள் டொமைன்மேல் நடக்கிறது. டிமார்க் தேற உங்கள் பக்கம் டிகேஐஎம் ஒன்றே போதும். அதனால் சேவை கேட்காவிட்டால் எஸ்பிஎஃப்பைத் தொடவேண்டாம். தேவையில்லாமல் கைவைத்து ஆர்டர் மடல்களைக் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

அந்த ஆர்டர் மடல்களையும் கவனியுங்கள். வூகாமர்ஸ் ஓடும் வேர்ட்பிரஸ் இயல்பாக ஹோஸ்டிங் சர்வரின் பிஎச்பி வழியாக மடல் அனுப்பும், அவற்றில் நிறைய ஸ்பேமுக்குப் போகும். எஸ்எம்டிபி பிளகின் (மெயில் சர்வர் வழியாக அனுப்பும் துணை மென்பொருள்) ஒன்று போட்டு முறையான வழியில் அனுப்புங்கள். வரவேற்பு மடல் ஒழுங்காகப் போய், பணம் கட்டியவருக்கு ஆர்டர் மடல் வராவிட்டால் என்ன பயன்?

---

மல்லிகைப்பந்தல்

தம்பி, தமிழில் அனுப்புவதாகச் சொன்னீர்கள், நல்ல முடிவு. ஆங்கில மடலுக்கு வராத சில சிக்கல்கள் தமிழுக்கு உண்டு. சேவைகளின் உதவிப் பக்கங்களில் இவை இருக்காது.

முதலில் எழுத்துரு. கடை நோட்டீஸ் அடித்த டிடிபி சென்டரிலிருந்து வாசகத்தை வாங்கி அப்படியே ஒட்டினால் குப்பையாகத் தெரியும். பாமினி, வானவில் போன்ற பழைய குறியீட்டில் தட்டியது, அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்தும் குறியுமாக வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, மாற்றியதை ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். கொம்பும் காலும் இடம் மாறியிருப்பது அங்கே சகஜம்.

அலங்கார எழுத்துருவுக்கு ஆசைப்பட வேண்டாம். ஜிமெயில் வெளி எழுத்துருக்களை ஏற்றாது. ஆண்ட்ராய்டில் நோட்டோ தமிழ், விண்டோஸில் நிர்மலா, ஆப்பிளில் தமிழ் சங்கம், இப்படி அந்தந்தக் கருவியில் இருப்பதுதான் தெரியும். எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறையாமல், வரி உயரம் 1.6 அல்லது 1.7. ஆங்கில டெம்ப்ளேட்டில் 1.2 என்று இருக்கும். அதில் 'கீ', 'பூ' எல்லாம் மேல்வரி கீழ்வரியோடு இடிக்கும். எழுத்திடைவெளி பூஜ்யம். தலைப்புக்கு எழுத்துகளை விலக்கி வைக்கும் டெம்ப்ளேட்டுகள் நிறைய, தமிழில் அது புள்ளியையும் கொம்பையும் பிய்த்துப் போட்டுவிடும். இருபக்கமும் சமன் செய்யாதீர்கள், நம் சொற்கள் நீளம் என்பதால் போன் திரையில் நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும். பட்டனுக்கு இரண்டு சொல் போதும், உயரத்தை நிலையாகப் பூட்டாமல் சுற்று இடைவெளி மட்டும் கொடுங்கள்.

அடுத்தது அளவு. ஜிமெயில் 102 கேபிக்கு மேற்பட்ட மடலை வெட்டி, மீதியைப் பார்க்க ஒரு லிங்க் கொடுக்கும். வெட்டுப்படும் பகுதியில்தான் விலகும் லிங்க் இருக்கும். அது கண்ணில் படாதவர் என்ன செய்வார்? ஸ்பேம் பட்டனை அழுத்துவார். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று. 'சுங்குடி' என்பதில் நாம் பார்ப்பது நான்கு எழுத்து. உள்ளே உயிர்க்குறியும் புள்ளியும் சேர்த்து எட்டுக் குறியீடு, அதாவது 24 பைட். சில எடிட்டர்கள் தமிழை எண் குறிகளாக மாற்றிச் சேமிக்கும், அப்போது அதே சொல் 56 பைட். வேர்டிலிருந்து நேராக ஒட்டினால் ஒவ்வொரு வரிக்கும் வடிவக் குறிப்புகள் வேறு ஏறிவிடும். நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து எடுத்து மடலில் ஒட்டுங்கள்.

அதற்காக வாசகத்தையே படமாக்கிவிடுவோம் என்று சிலர் கிளம்புவார்கள். கூடாது. படம் தடுக்கப்பட்ட இன்பாக்ஸில் வெறும் கட்டம்தான் தெரியும், படித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருப்பவருக்கு எதுவுமே கிடைக்காது. சேலைப் படம் ஒன்று, 600 பிக்சல் அகலத்தில் காட்டுங்கள், அதற்குத் தமிழிலேயே மாற்று வாசகம் எழுதுங்கள்.

---

தெற்குமாசி

ரொம்ப நன்றி அக்கா. முதல் மடலில் பெயரைச் சொல்லி அழைக்கலாம் என்று இருக்கிறேன். அதில் ஏதாவது உண்டா?

---

மல்லிகைப்பந்தல்

உண்டு தம்பி. முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்த ஃபார்ம் நம் ஊருக்கு ஒத்துவராது. இனிஷியலைச் சிலர் முதல் கட்டத்தில் போடுவார்கள், சிலர் இரண்டாவதில். 'வணக்கம் எஸ்' என்று மடல் போய் நிற்கும். ஒரே கட்டம் வைத்து 'உங்களை எப்படி அழைக்கலாம்?' என்று கேளுங்கள். அதையும் கட்டாயமாக்க வேண்டாம்.

பெயர்க் குறியோடு (பெயர் தானாக வந்து விழும் இடம்) வேற்றுமை உருபை ஒட்டாதீர்கள். மீனாட்சிக்கு, செல்வத்துக்கு, கண்ணனுக்கு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் திரியும், மென்பொருளுக்கு அது தெரியாது. 'வணக்கம்' சொல்லி, பெயர், ஒரு காற்புள்ளி, அதோடு நிறுத்துங்கள். பெயர் காலியாக இருந்தால் என்ன வர வேண்டும் என்ற மாற்று வாசகத்தையும் நிரப்புங்கள், இல்லாவிட்டால் 'வணக்கம்' என்பதற்குப் பின்னால் காற்புள்ளி தனியாகத் தொங்கும். பலர் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தட்டுவார்கள், தமிழ் மடலின் நடுவே அது பில் மாதிரி தெரியும். என்னைக் கேட்டால் முதல் மடலில் பெயரே வேண்டாம், வெறும் 'வணக்கம்' போதும்.

---

திருமங்கலத்தான்

கூப்பனுக்கு வருகிறேன். எல்லோருக்கும் ஒரே குறியீடு கொடுத்தால் அது சீக்கிரமே கூப்பன் தளங்களுக்குப் போய்விடும். பிறகு மடலில் சேராதவர்களும் அதையே போட்டு வாங்குவார்கள். வூகாமர்ஸோடு இணையும் சேவைகள் பலவற்றில் ஆளுக்கொரு குறியீடு தானாக உருவாக்கும் வசதி உண்டு, அதை எடுங்கள். இல்லையென்றால் கூப்பன் அமைப்பில் ஒரு பயனருக்கு ஒரு தடவை என்ற வரம்பையும், வேறு கூப்பனோடு சேராது என்பதையும், குறைந்தபட்சத் தொகையையும் போட்டு வையுங்கள்.

கடைசித் தேதியில் பலர் வழுக்குகிறார்கள். தானாகப் போகும் மடல் வருஷம் முழுக்கப் போகும். சித்திரைத் திருவிழாச் சமயத்தில் எழுதி 'ஏப்ரல் 30 வரை' என்று போட்டுவிட்டு மறந்தால், ஆடியில் சேருபவருக்குக் காலாவதியான கூப்பன் போகும். சேர்ந்த நாளிலிருந்து 15 நாள் என்று கணக்கிடும் கூப்பனாக இருக்க வேண்டும், அது முடியாவிட்டால் தேதியே போடாதீர்கள். திருவிழா, தீபாவளி பற்றிய வரி எதுவும் வரவேற்பு மடலில் வரக்கூடாது. அவை மாதாந்திர மடலுக்கு உரியவை.

இன்னொன்று. பணம் கட்டும் பக்கத்தில் டிக் போட்டுச் சேருபவர் அப்போதுதான் வாங்கி முடித்திருப்பார். அவருக்கு 'முதல் வாங்கலுக்கு 10 சதவீதம் தள்ளுபடி' என்று போனால், ஐந்து நிமிஷம் முன்பு முழு விலை கொடுத்தவர் கோபப்படாமல் என்ன செய்வார்? பணத்தைத் திருப்பிக் கேட்டு மடல் வரும். அதனால் இரண்டு பாதை வேண்டும். தளத்தின் ஃபார்மில் சேருபவருக்கு ஒன்று, வாங்கும்போது சேருபவருக்கு ஒன்று. இரண்டாவதில் கூப்பன் கிடையாது, துவைக்கும் முறையும் நன்றியும் மட்டும். அந்த டிக் பெட்டி முன்கூட்டியே டிக் ஆகியிருக்கவும் கூடாது.

---

ஒத்தக்கடை

திருமங்கலத்தார் சொன்ன இரண்டு பாதை முக்கியம். அதோடு வெளியேறும் விதி ஒன்றும் வையுங்கள்: முதல் பாதையில் இருப்பவர் நடுவில் வாங்கிவிட்டால், மீதி மடல்கள் நின்றுவிட வேண்டும். மூன்றும் முடியும்வரை அவரை வழக்கமான மடல் பட்டியலிலிருந்து விலக்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே நாளில் வரவேற்பு ஒன்றும் ஆஃபர் ஒன்றும் சேர்ந்து போகும்.

---

உசிலை

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். நம் ஊரில் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது மின்னஞ்சலுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

---

வைகைக்கரை

உள்ளூர் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப் நல்லதுதான், அதை விடச் சொல்லவில்லை. ஆனால் சாதா வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட்டுக்கு 256 பேர்தான். கடை எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். தளத்தில் புதிதாகச் சேருகிறவர் எண்ணைச் சேமித்திருக்க மாட்டார். ஏபிஐ (வேறு மென்பொருளோடு இணைத்து அனுப்பும்) வழி போனால் விளம்பரச் செய்திக்குக் கட்டணம், டெம்ப்ளேட்டுக்கு முன் அனுமதி. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருப்பவர் துவைக்கும் முறையை ஆறு மாதம் கழித்துத் தேடினால் மின்னஞ்சலில்தான் கிடைக்கும். இவர் கடைக்கு மின்னஞ்சல் பொருந்தும்.

---

தெற்குமாசி

கல்லாவுக்குப் பக்கத்தில் க்யூஆர் வைத்து அங்கேயும் ஆள் சேர்க்கலாம் என்று கடையில் கேட்கிறார்கள். இரட்டை உறுதி (சேர்ந்த பிறகு மின்னஞ்சலில் வரும் லிங்க்கை அழுத்தி உறுதி செய்வது) வைத்தால் பாதிப் பேர் உறுதி செய்யாமல் போய்விடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது. ஒற்றை உறுதியே போதுமா?

---

திருமங்கலத்தான்

கல்லாவில் சேருபவருக்கு ஒற்றை உறுதி போதும் என்பது என் கருத்து. ஆள் கண்ணெதிரே நிற்கிறார், அவரே தன் போனில் தட்டுகிறார். கடைக் கூட்டத்தில் இன்பாக்ஸைத் திறந்து லிங்க்கை அழுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஃபார்மில் முகவரியை இரண்டாம் தடவை காட்டி 'சரிதானா?' என்று கேட்டால் தட்டுப்பிழை பெரும்பாலும் பிடிபடும்.

---

ஒத்தக்கடை

மாறுபடுகிறேன். தட்டுப்பிழை மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. க்யூஆரை யார் வேண்டுமானாலும் படம் எடுத்துப் போகலாம், ஃபார்ம் இணையத்தில்தானே இருக்கிறது? பாட்கள் (தானாக ஃபார்ம் நிரப்பும் நிரல்கள்) பிறர் முகவரிகளைக் கொத்துக் கொத்தாகத் திணிக்கும். கேட்காத மடல் வந்தவர் ஸ்பேம் என்று அழுத்துவார். ஜிமெயில் சொல்லும் எல்லை 0.3 சதவீதம், இருக்க வேண்டிய இடம் 0.1-க்குக் கீழ். ஆயிரம் மடலுக்கு மூன்று பேர் அழுத்தினாலே எல்லையைத் தொட்டாயிற்று. சின்னப் பட்டியலில் ஒவ்வொரு அழுத்தமும் கனம்.

சட்டப் பக்கமும் பாருங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தெளிவாக, எதற்கென்று குறிப்பிட்டு வாங்கப்பட வேண்டும் என்கிறது. எட்டாம் அட்டவணை மொழிகளில் அறிவிப்பைப் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது, அதில் தமிழும் உண்டு. சம்மதம் கொடுத்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். இரட்டை உறுதி வைத்தால் எப்போது சம்மதித்தார் என்ற பதிவு கையில் இருக்கும்.

உறுதி செய்பவர் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த உறுதி மடலேதான். சேவையின் இயல்பு வாசகம் ஆங்கிலத்தில், கடைப் பெயர்கூட இல்லாமல் போகும். அதைத் தமிழாக்குங்கள். பொருள் வரியில் கடைப் பெயரும் 'உறுதி செய்யுங்கள்' என்பதும் இருக்கட்டும். உள்ளே ஒரு வரி, ஒரு பட்டன், வேறு படமே வேண்டாம். ஃபார்மை அனுப்பியதும் வரும் பக்கத்தில் 'இப்போது உங்கள் மின்னஞ்சலைத் திறந்து பட்டனை அழுத்துங்கள், துவைக்கும் குறிப்பு உடனே வரும். காணவில்லை என்றால் ஸ்பேமில் பாருங்கள்' என்று எழுதுங்கள்.

---

திருமங்கலத்தான்

பாட் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கல்லாவுக்கும் தளத்துக்கும் தனித்தனி டேக் (அடையாளக் குறி) போடுங்கள். எந்தப் பக்கம் உறுதி குறைகிறது என்று ஒரு மாதத்தில் தெரியும், அதைப் பார்த்துக் கல்லாவுக்கு மட்டும் முடிவு செய்யலாம்.

இரட்டை உறுதி வைத்தால் ட்ரிகரையும் (மடல் தொடரைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு) மாற்ற வேண்டும். 'ஃபார்ம் நிரப்பினார்' என்று இருந்தால் உறுதி மடலும் வரவேற்பு மடலும் ஒன்றாகப் போய்ச் சேரும். 'சப்ஸ்கிரைபர் உறுதியானார்' அல்லது 'பட்டியலில் சேர்ந்தார்' என்று இருக்க வேண்டும். பெயர் சேவைக்குச் சேவை வேறு.

---

மல்லிகைப்பந்தல்

இனி மடலில் என்ன எழுதுவது. முதல் மடலின் வேலை ஒன்றுதான்: கொடுப்பதாகச் சொன்னதைக் கொடுப்பது. ஃபார்மில் 'சுங்குடி துவைக்கும் முறையும் புது வரவுகளும்' என்று சொல்லியிருந்தால், முதல் மடலைத் திறந்தவுடன் துவைக்கும் முறை இருக்க வேண்டும். கடை வரலாறு, உரிமையாளர் படம் எல்லாம் பிறகு. இப்படி இருக்கலாம்:

பொருள்: துவைக்கும் முறை உள்ளே, சுங்குடிக்கு
முன்வரி: முதல் மூன்று துவையலுக்கு இதைப் பாருங்கள்

வணக்கம்.
எங்கள் மடலில் சேர்ந்ததற்கு நன்றி. கேட்ட குறிப்பு இதோ. புதுச் சேலையை முதல் மூன்று தடவை தனியாக, குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். முதல் அலசலில் ஒரு கைப்பிடி கல்லுப்புப் போடலாம். ஊறப்போட வேண்டாம். முறுக்கிப் பிழியாமல், உட்புறம் வெளியே தெரிய நிழலில் காயப்போடுங்கள்.
எங்களிடமிருந்து மாதம் ஒரு மடல் வரும். வேண்டாம் என்றால் அடியில் உள்ள லிங்க்கில் விலகிக்கொள்ளலாம்.
எந்த நிறம் தேடுகிறீர்கள்? இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள், கடையிலிருந்து பதில் வரும்.

அவ்வளவுதான், கீழே கூப்பன் ஒரு வரி, ஒரு பட்டன். உப்புப் போட்டால் சாயமே போகாது என்று எழுதிவிடாதீர்கள், அப்படி உறுதி சொல்ல முடியாது. முன்வரியைக் காலியாக விட்டால் 'உலாவியில் பார்க்க' என்ற வாசகம் இன்பாக்ஸில் பொருளுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். போன் திரையில் தமிழ்ப் பொருள் வரி சீக்கிரம் வெட்டுப்படும், முதல் மூன்று சொல்லிலேயே விஷயம் வந்துவிட வேண்டும்.

இரண்டாவது மடலுக்குச் சுங்குடியிலேயே சரக்கு இருக்கிறது. கையால் முடிச்சிட்டுச் சாயம் தோய்த்ததற்கும், அச்சில் புள்ளி போட்டதற்கும் வித்தியாசம் எப்படிப் பார்ப்பது என்று இரண்டு படம் போட்டுச் சொல்லுங்கள். முடிச்சுப் புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது, அந்த இடத்தில் துணி சற்றுச் சுருங்கியிருக்கும். அச்சில் எல்லாம் ஒரே அளவு. கடையில் இரண்டும் விற்பதாக இருந்தால் இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெளியூரில் இருந்து படம் பார்த்து வாங்குபவருக்கு இதைவிட உதவும் மடல் கிடையாது. மூன்றாவதில் சேலை நீளம், ரவிக்கைத் துணி உண்டா, அனுப்ப எத்தனை நாள், மாற்றிக்கொள்ளும் விதி, கூடவே நன்றாகப் போகும் மூன்று சேலைகள். நாலாவது மடல் வேண்டாம்.

---

வைகைக்கரை

நேர அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் மடல் உடனே போக வேண்டும், நேர வரம்பு எதுவும் வைக்காதீர்கள். பிரெவோ இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 300 மடல்தான். மாதாந்திர மடலும் அதே கணக்கில் ஓடினால் அன்றைக்குச் சேருபவரின் வரவேற்பு தேங்கும். அந்த நாளுக்கு இடம் விட்டுத் திட்டமிடுங்கள்.

இரண்டாவது, மூன்றாவது மடலுக்குக் காலை 10 முதல் இரவு 7 வரை என்று வைக்கலாம். கணக்கின் நேர மண்டலத்தை முதலில் கொல்கத்தாவுக்கு (இந்திய நேரம்) மாற்றுங்கள். நியூயார்க் நேரத்தில் விட்டால் காலை 9 மணி என்று வைத்தது நமக்கு மாலை 6.30-க்கோ, குளிர்காலத்தில் 7.30-க்கோ போகும்.

'திறந்தவருக்கு இது, திறக்காதவருக்கு அது' என்று கிளை பிரிக்க வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் மெயிலில் தனியுரிமைப் பாதுகாப்பு வந்தபிறகு, ஆள் பார்க்காமலேயே படம் ஏற்றப்பட்டு 'திறந்தார்' என்று பதிவாகும். சொடுக்கு, பதில், வாங்கியது, இவற்றை மட்டும் நம்புங்கள்.

---

தெற்குமாசி

பழைய முகவரிகளை இறக்குமதி செய்து இதே வரவேற்பை அனுப்பலாமா? அடியில் அஞ்சல் முகவரி கட்டாயம் என்று சேவை கேட்கிறது. கடை முகவரி கொடுக்கலாம். ஆனால் வீட்டிலிருந்து விற்கும் இன்னொருவரும் இதே அமைப்பைக் கேட்கிறார், அவர் என்ன செய்வது?

---

ஒத்தக்கடை

பில்லுக்காகக் கொடுத்த முகவரி மடலுக்கான சம்மதம் ஆகாது. அனுப்பாதீர்கள். பழைய முகவரிகளில் செத்துப்போனவையும் நிறைய இருக்கும், மொத்தமாகத் திரும்பி வந்தால் உங்கள் டொமைனின் நற்பெயர் முதல் வாரத்திலேயே கெடும். அவர்கள் அடுத்த தடவை வாங்கும்போது டிக் பெட்டி வழியாக வரட்டும். வேறு காரணத்துக்காக எதையாவது இறக்குமதி செய்வதானாலும், அந்த நேரத்தில் ஆட்டோமேஷனை நிறுத்தி வையுங்கள். 'பட்டியலில் சேர்ந்தார்' என்ற ட்ரிகர் இறக்குமதிக்கும் வேலை செய்து, நாலு வருஷ வாடிக்கையாளருக்கு 'புதிதாகச் சேர்ந்ததற்கு நன்றி' என்று அனுப்பிவிடும்.

அஞ்சல் முகவரி அமெரிக்கச் சட்டப்படி கேட்பது, அங்கே வாடிக்கையாளர் இருப்பதால் உங்களுக்கும் பொருந்தும். வீட்டு முகவரி கொடுக்க விருப்பமில்லாதவர் அஞ்சலகத்தில் தபால் பெட்டி எண் எடுத்துப் போடலாம்.

---

திருமங்கலத்தான்

சோதனைக்கு: எடிட்டரில் உள்ள 'டெஸ்ட் அனுப்பு' போதாது. அதில் பெயர்க் குறி, கிளை, காத்திருப்பு எதுவும் நிஜமாக ஓடாது. ஃபார்மில் நீங்களே சேர வேண்டும். ஜிமெயில் முகவரியில் பெயருக்குப் பின்னால் கூட்டல் குறியும் எண்ணும் சேர்த்தால் சேவைக்குப் புது ஆள், மடல் வருவது உங்கள் பெட்டிக்கே. காத்திருப்பு நாட்களை ஐந்து நிமிஷமாக்கி ஓட்டிப் பாருங்கள், முடிந்ததும் மறக்காமல் திருப்பி மாற்றுங்கள். கூப்பனைப் போட்டுப் பணம் கட்டும் பக்கம் வரை போங்கள். யாகூ, அவுட்லுக், ரீடிஃப் ஒவ்வொன்றிலும் ஒரு முகவரி வைத்து அங்கேயும் பாருங்கள். ஜிமெயிலில் 'அசலைக் காட்டு' திறந்தால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் பக்கத்தில் 'பாஸ்' இருக்க வேண்டும். டிகேஐஎம்முக்கு எதிரே உங்கள் டொமைன் பெயர் இருக்கிறதா, சேவையின் பெயர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

---

மல்லிகைப்பந்தல்

போனை டார்க் மோடில் போட்டு ஒரு தடவை பாருங்கள் தம்பி. பின்னணி இல்லாத கறுப்பு லோகோ அதில் மறைந்துவிடும், சுற்றி வெள்ளை ஓரம் கொடுத்தால் சரியாகும். ப்ரொமோஷன்ஸ் பகுதியில் விழுந்தால் கவலைப்பட வேண்டாம், அது ஸ்பேம் இல்லை. நிறம் கேட்டு எழுதியவருக்கு அன்றைக்கே பதில் போனால் அடுத்த மடல் அவர் கண்ணில் படும் வாய்ப்பு கூடும்.

---

தெற்குமாசி

டிகேஐஎம் பச்சையாகிவிட்டது, 'பாஸ்' மூன்றும் வருகிறது. டிமார்க் அறிக்கை என்று ஜிப் கோப்பாக ஏதோ வரத் தொடங்கியிருக்கிறது, திறந்தால் ஒன்றும் புரியவில்லை. தினமும் பார்க்க வேண்டுமா?

---

ஒத்தக்கடை

வேண்டாம். அவை எக்ஸ்எம்எல் கோப்புகள், மனிதர் படிக்க எழுதியவை அல்ல. கடைப் பெட்டியை அடைக்காமல் தனி முகவரிக்குத் திருப்பி விடுங்கள். இலவசமாகப் படித்துக் காட்டும் கருவிகள் உண்டு, வாரம் ஒரு தடவை அதில் ஏற்றிப் பாருங்கள். தேட வேண்டியது: நீங்கள் அனுப்பியும் தேறாமல் போனவை. பெரும்பாலும் அது வூகாமர்ஸ் மடலாகவோ, ஹோஸ்டிங்கில் உள்ள தொடர்பு ஃபார்மாகவோ இருக்கும். அவற்றைச் சரிசெய்து, நான்கைந்து வாரம் உங்கள் மடல்கள் எல்லாம் தேறி வந்தால் 'நன்' என்பதை 'குவாரண்டைன்' (தேறாததை ஸ்பேமில் போடு) ஆக்கலாம்.